கழுவாத போன்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் பஸ் சோதனையை நிறுத்திவிட்டார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி போனில் சொன்னாள். இப்போது கம்ப்யூட்டரிலேயே ஒரு பட்டனைத் தட்டினால் மெதுவான நெட் எப்படி இருக்குமோ அப்படியே நடித்துக் காட்டுமாம். அதற்காக யாரும் போளூர் பஸ் ஏறி வெயிலில் போகவேண்டியதில்லையாம். நல்லதுதான். என் முழங்கால் இருக்கிற நிலையில் நான் ஏன் எதிர்க்கப்போகிறேன்? ஆனால் பேச்சுவாக்கில் இன்னொன்றும் கேட்டாள்.

"மேடம், ஸ்கிரிப்ட் ஃபைலை எவ்ளோ சின்னதா மாத்தினாலும் பேரையும் மாத்தணும்னு செவுத்துல ஒட்டி வெச்சிருக்குதே. இப்பதான் அதெல்லாம் தானா நடக்குதே. கிழிச்சிடட்டுமா?"

தாராளமாகக் கிழி என்றேன். அதை ஒட்டியவர் வரதன் சார். ஏன் ஒட்டினார் என்று போனில் சொல்ல முடியவில்லை, அடுப்பில் சாம்பார் பொங்கிக்கொண்டிருந்தது. தவிர அது போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அலுவலகம் எது என்று சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு செல்போன் கடையின் மாடி. ஆரணியின் சில பட்டுக்கடைகள் சேர்ந்து நடத்திய வெப்சைட்டைக் கவனித்துக்கொள்வது எங்கள் வேலை. என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா தறிக்காரர், எனக்குத் தறிக்குழியில் உட்காரும் பொறுமை கிடையாது. டைப்ரைட்டிங், பிறகு வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், பிறகு டேட்டா என்ட்ரி. வெப்சைட் செய்வதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அடுத்தவர்கள் செய்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கிய அதே புத்திதான் கடைசியில் சோறு போட்டது.

அந்த வெப்சைட்டில் என் பொறுப்பு வேகம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் மலிவான போன், கிராமத்து சிக்னல். பக்கம் திறக்கத் தாமதமானால் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். படங்களைச் சுருக்கினோம், தேவையில்லாத அலங்காரங்களை எடுத்தோம். மிச்சமிருந்த பெரிய சுமை ஸ்கிரிப்ட் ஃபைல். புடவையைத் தொட்டால் பெரிதாக்கிக் காட்டுவது, முந்தானையைத் தனியே காட்டுவது, ஆர்டர் பட்டனைக் காட்டுவது, அதைத் தட்டினால் ஆர்டரை அனுப்புவது எல்லாம் அதன் வேலைதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல்முறை பக்கத்தைத் திறக்கும்போது போன் அந்த ஃபைலை இறக்கி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நாம் சொல்லியனுப்பலாம். அந்தக் கெடு முடியும்வரை, அடுத்த முறை அந்தப் பெயரில் ஃபைல் வேண்டும் என்றால் போன் எங்களைக் கேட்காது, தன்னிடம் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். நான் ஒரு வருஷம் என்று சொல்லியனுப்பினேன். ஒருமுறை வந்தவர்களுக்கு அதன்பிறகு பக்கம் பறந்துகொண்டு திறந்தது. ஃபைலில் ஏதாவது மாற்றினால் மட்டும் புதுப் பெயர் வைக்க வேண்டும். பக்கத்தின் எலும்புக்கூடு ஒவ்வொரு முறையும் எங்களிடமிருந்துதான் வரும். அதில் புதுப் பெயரைப் பார்த்ததும், இது நம்மிடம் இல்லையே என்று போன் வந்து கேட்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

வரதன் சார் எங்கள் மேலதிகாரி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் வேலை செய்யும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நிற்பது தெரியாது, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரே கேள்வி. "யாரு போன்ல பாத்தே?" என் போனில் பார்த்தேன் என்றால் அது பதிலே இல்லை. "நீயா புடவை வாங்கப்போற?" என்பார். ஒருமுறை எரிச்சலில், "ஆமா சார், எம் பொண்ணுக்கு வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப கடைக்கு நேர்ல போம்மா, தள்ளுபடி கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஸ் சோதனை அவருடைய கண்டுபிடிப்பு. எந்த மாற்றம் செய்தாலும், வெளியே விடும் முன் ஆபீசின் பழைய மலிவு போனை எடுத்துக்கொண்டு போளூர் பஸ்ஸில் ஏறுவார், துணைக்கு நான். ஆரணியைத் தாண்டி வயல்வெளி வந்ததும் சிக்னல் படுத்துவிடும். அங்கேதான் பக்கத்தைத் திறப்பார். கடிகாரம் பார்க்கமாட்டார். கண்டக்டர் எங்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போவதற்குள் புடவை திரையில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் போளூரில் இறங்கி டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவோம். பின்னாளில் பெண்களுக்குப் பஸ் இலவசம் ஆனபோது, சோதனை தோற்றால் நஷ்டம் சாருக்கு மட்டும்தான் என்று கேலி செய்வேன்.

இதில் இன்னொரு சடங்கும் உண்டு. பஸ் ஏறும் முன் அந்தப் போனைக் கழுவுவார். தண்ணீரில் இல்லை. போன் எடுத்து வைத்திருக்கிற பிரதிகள் எல்லாவற்றையும் அழித்து, எங்கள் பக்கத்தை ஒருநாளும் பார்த்திராத போன் போல ஆக்கிவிடுவார். ஆபீசில் அதற்குப் பெயர் கழுவுதல். "முதல் தடவ வர்றவங்கதான் பேஜாராகி ஓடுவாங்க. பழகினவங்க பொறுத்துக்குவாங்க" என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

பட்டுப்புடவை வியாபாரத்தில் ஒரு சங்கடம், ஒவ்வொன்றும் ஒரே புடவைதான். அதே நிறத்தில் அதே பார்டரில் இன்னொன்று கேட்டால், தறியில் ஏற்றி நெய்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்டில், 'எடுத்து வை' என்ற பச்சைப் பட்டனைத் தட்டினால், 'உங்கள் புடவை எடுத்து வைக்கப்பட்டது, கடையிலிருந்து அழைப்போம்' என்று திரையில் வரும். ஆர்டர் ஒரு மெயில் பெட்டிக்குப் போகும். கடைக்காரர்கள் மாலையில் அதைத் திறந்து பார்த்து, வாங்குகிறவர்களுக்குப் போன் செய்வார்கள். பணம் அதற்குப் பிறகுதான். இடையில் கடைக்கு நேரில் வந்த யாராவது அந்தப் புடவையை வாங்கிப் போயிருப்பார்கள். பிறகென்ன, ஆர்டர் போட்டவர்களிடம் திட்டு. அதனால் புது ஸ்கிரிப்ட் எழுதினோம். அது முதலில் கடையின் இருப்பைப் பார்க்கும், புடவை இருந்தால் அங்கேயே பூட்டும், பிறகுதான் உறுதி என்று சொல்லும். ஆர்டர் மெயிலுக்குப் போகாமல் கடையில் ஒரு புதுத் திரைக்கு வரும். ஆவணி முகூர்த்தக் கூட்டம் வருவதற்குள் இது ஓடியாக வேண்டும்.

கடைகளுக்கெல்லாம் மூத்தவர் தணிகாசலம் முதலாளி. எங்கள் சம்பளம் அவர் கையால்தான் வரும். ஆடியில் புதிதாக எதுவும் ஆரம்பிக்கவிட மாட்டார். கடைக்குப் புது பல்பு வாங்கினால்கூட ஆவணிவரை டப்பாவிலேயே இருக்கும்.

"ஆடியில புதுசா ஒண்ணும் வேணாங்க வரதன். பதினெட்டு போவட்டும், மாசம் போவட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்.

"புதுசு இல்லீங்க. அதே பழைய ஃபைலுதான். உள்ள கொஞ்சம் திருத்தறோம்" என்றார் சார்.

"பேரு?"

"அதே பேருதாங்க."

முதலாளிக்கு அது போதும். பழைய கடையில் சுண்ணாம்பு அடிப்பது போல என்று எடுத்துக்கொண்டார். சாருக்கோ சொன்ன சொல் மாறக்கூடாது. முதலாளியிடம் ஒன்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து வேறொன்று செய்கிற ஆள் இல்லை அவர். அதனால் புது வேலை பழைய பெயரிலேயே போனது. எனக்கு லேசாக உறுத்தியது. "பஸ்ல பாத்துடலாம்மா" என்றார் சார். போனைக் கழுவினார், போளூர் பஸ்ஸில் ஏறினோம், வயல் நடுவில் புதுப் பட்டன் அழகாக வந்து நின்றது. என் உறுத்தலும் அங்கேயே இறங்கிப் போய்விட்டது. கடையில் புதுத் திரையில் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. இரண்டு இடத்தில் பார்க்க வேண்டாம் என்று கடைக்காரர்கள் சந்தோஷமாக மெயில் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஆவணி பிறந்து, ஒரு புதன்கிழமை மதியம் சுகன்யா எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். செய்யாறு பக்கத்துக் கிராமம், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, அன்று அவளுக்கு வாரவிடுமுறை. கீழே தெருவிலிருந்த பட்டுக்கடைகளில் பேசிப் பேசிக் களைத்துவிட்டு, வெப்சைட்காரர்கள் மாடியில் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நான் புடவ ஆர்டர் போட்டேங்க. எடுத்து வெச்சிட்டோம்னு வந்திச்சி. ஆனா போனே வரல. கடையில கேட்டா அப்பிடி ஆர்டரே இல்லன்றாங்க."

மாம்பழ நிறம், அரக்கு பார்டர். பெண் அழைப்புக்குக் கட்டுவதற்காகப் பார்த்து வைத்த புடவை. ஆனி மாதத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஆடியில் கல்யாணப்புடவை எடுக்கக்கூடாது என்று காத்திருந்து, ஆவணி பிறந்த அன்று காலையில் பட்டனைத் தட்டியிருக்கிறாள். வீட்டில் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டிலும் சொன்னாள், சொந்தச் சம்பளத்தில் எடுத்தேன் என்று. இப்போது கடையில் அந்தப் புடவை பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுப்போய்விட்டது. அவர் வாங்கியதற்குப் புதுத் திரையில் அத்தாட்சி இருந்தது, இவளுக்கு எதுவுமே இல்லை.

"அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சிருந்தேங்க" என்று போனைக் காட்டினாள். திரையின் படம். 'உங்கள் புடவை எடுத்து வைக்கப்பட்டது.' "இதக் காட்டினா, இந்த வார்த்தையெல்லாம் ஆடியிலயே எடுத்துட்டோம், நீ எங்கியோ பழசப் புடிச்சிகினு வந்து கத உடறன்றாரு முதலாளி."

முதலாளி சொன்னதில் பிசகு இல்லை. அந்த வாக்கியம் இப்போது எங்கள் வெப்சைட்டில் கிடையாது, அதை நானே நீக்கினேன். படத்தில் மணி இருந்தது, தேதி இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டமோ, வீட்டில் சமாளிக்கப் பொய் சொல்கிறாளோ என்று நானும் ஒரு கணம் நினைத்தேன்.

"எங்கப்பாவும் அதேதாங்க சொல்றாரு" என்றாள். "எடுக்காத புடவைய எடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறன்னு. ஒரு வாரமா எங்கூடப் பேசறதில்லங்க."

சார் எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"போனக் குடும்மா. கழுவிட்டு மொதல்லருந்து பாக்கலாம்."

கை அவருக்குப் பழகிவிட்டது. செட்டிங்ஸைத் திறந்து, அழிக்கும் இடம்வரை போய்விட்டார். அந்த மலிவு போன், அதன் விரிசல் விட்ட கண்ணாடி, ஆனியிலிருந்து அவள் அதில் எங்கள் பக்கத்தைத் திறந்த தடவைகள், பெயர் மாறாத ஃபைல், நான் சொல்லியனுப்பிய ஒரு வருஷம். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் என் தலையில் ஏறின.

"சார், கழுவாதீங்க."

அத்தனை வருஷத்தில் அவருக்கு நான் போட்ட முதல் உத்தரவு அது. விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது நம்ம போன் இல்ல சார். அவங்க வந்து வந்து பாத்த போன். உள்ள இருக்கறது அப்பிடியே இருக்கட்டும்."

போனை அவளிடமே கொடுத்து, எப்போதும் திறப்பது போலத் திறக்கச் சொன்னேன். கண்மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது, நான் ஆசைப்பட்ட அதே வேகம். அதன் கீழே பச்சைப் பட்டன். 'எடுத்து வை.' ஆடியில் நாங்கள் எடுத்துவிட்ட பட்டன் அவள் கையில் உயிரோடு இருந்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து தன் கம்ப்யூட்டரில் அந்த மெயில் பெட்டியைத் திறந்தார். திறக்காத கடிதங்கள் வரிசையாக நின்றன. ஆவணி முதல் நாள் காலையில் சுகன்யா அனுப்பிய ஆர்டர் இருந்தது, பெங்களூர்க்காரர் அதற்கு மறுநாள்தான் வாங்கியிருந்தார். அவளுடையது மட்டுமில்லை, இன்னும் சிலருடையதும் இருந்தன. போளூர், சேவூர், செய்யாறு என்று எல்லாம் எங்களைச் சுற்றியுள்ள ஊர்கள்.

எனக்கு அப்போது வந்தது கோபம்தான், யார்மேல் என்று தெரியாத கோபம். ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வாங்கிப்போன பெங்களூர்க்காரருக்குப் புது ஸ்கிரிப்ட் போயிருக்கிறது. ஒரே புடவையை மாதக்கணக்கில் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழையது. அடிக்கடி வந்ததுதான் அவர்கள் செய்த ஒரே காரியம். கழுவிய போனில் அவர்கள் யாரும் இல்லை. நாங்கள் எத்தனை தடவை பஸ் ஏறியிருந்தாலும் அவர்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

சார் முதலாளியை மாடிக்குக் கூப்பிட்டார். முதலாளி மூச்சு வாங்க ஏறி வந்தார். சார் எதையும் பூசி மெழுகவில்லை. பழைய பெயரில் விட்டதால் வந்த வினை, ஆர்டர் உண்மை, முதலில் வந்ததும் இவளுடையதுதான் என்று மூன்று வாக்கியத்தில் முடித்தார். "பேர மாத்தணுங்க. இப்பவே" என்றார். அப்போது ராகுகாலம். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆகட்டும் என்று கையசைத்தார். நான் ஃபைலுக்குப் புதுப் பெயர் வைத்து ஏற்றினேன். சுகன்யாவின் போனில் பக்கத்தை மறுபடி திறந்ததும் பச்சைப் பட்டன் போய்விட்டது.

"அந்தப் புடவ பார்சல்ல பூடுச்சிம்மா" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. "உன்ன அப்பிடி பேசியிருக்கக் கூடாது. மனசுல வெச்சிக்காத. கீழ வா, கடையில எத வேணா எடு. அதவிட ஒசத்தியாவே எடு, வெலயப் பத்திப் பேச்சே இல்ல."

அவள் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை.

"புடவ போனா போவுதுங்க. எங்கப்பாகிட்ட யாராச்சும் பேசறீங்களா?" என்றாள். "நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க சொல்லுங்க, நான் பொய் சொல்லலன்னு."

இதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை கடையில் அவமானப்பட்டபோதும், எங்கள் முன் நின்றபோதும் அழவில்லை.

சார் அவள் போனை வாங்கி, அவள் சொன்ன நம்பரை அவரே போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவரின் குரலுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கேயோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆரணி பட்டுக்கடை வெப்சைட்டுலருந்து பேசறேன், வரதன்னு பேரு. உங்க பொண்ணு புடவைக்கு ஆர்டர் போட்டது நெசம்தாங்க. எல்லாருக்கும் முன்னாடி போட்டிருக்குது. எங்க வேலையில ஒரு பெசகு, அது எங்க கண்ணுல படாமப் பூடுச்சி. உங்க பொண்ணு சொன்னது அத்தனையும் உண்ம. தப்பு எங்களுது. மன்னிச்சிக்குங்க."

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று சார் திரையைப் பார்த்தார். முதலாளி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"பொண்ணு அங்க கீதாங்க?" என்று கேட்டார்.

"இருக்காங்க, பேசுங்க."

சுகன்யா போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?" என்றார் அவள் அப்பா.

"இன்னும் இல்லப்பா" என்றாள்.